அலைமேட்டுக்கு ஒரு தற்காலிகத் திருப்பம்

அலைமேட்டுத் துறையின் இணையப் பக்கம் பங்குனி மாதம் பதினான்காம் நாள் காலை ஆறு மணிக்குக் காலாவதியானது. அந்த நேரத்தில் அவ்வூர்ப் படகு ஒன்றுகூடக் கடலில் இல்லை. முகத்துவாரத்தின் ஆழத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் நாள் தவறாமல் அளந்து அந்தப் பக்கத்தில் பதிந்துவந்த காத்தாயி இறந்து பதின்மூன்று நாள்கள் ஆகியிருந்தன. ஊருக்கே வழிசொன்னவள் ஆதலால், அவளுடைய கருமாதி முடியும்வரை எவரும் தொழில் செய்வதில்லை என்று பஞ்சாயத்தார் கட்டுப்பாடு விதித்திருந்தனர். வலை இறங்கவில்லை, ஏலம் நடக்கவில்லை. காத்தாயியின் அளவுகோல் அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. ஆழம் பார்ப்பதும் தொழில்தானே என்று கருதி அதையும் யாரும் தொடவில்லை.

பதின்மூன்று நாள்கள் கையொப்பம் விழாத பக்கம் தானாகக் காலாவதியாகும் என்பது சட்டம். இறந்தவளுக்கு ஊர் செய்த மரியாதை, அவள் காத்துவந்த பக்கத்தையே முடித்துவைத்துவிட்டது.

ஒரு பக்கம் போனால் என்ன என்று இன்று வாசிக்கும் நாம் கேட்கலாம். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்க முடியாது. மூன்று பெரும்புயல்கள் கடற்கரையின் உருவத்தையே மாற்றிவிட்ட பிறகு, கரையிலிருந்து இரண்டு மைலுக்குள் மனிதன் சுக்கானைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. படகிலுள்ள பொறி, தான் சேரவேண்டிய துறையின் பக்கத்தைத் தேடிச் சென்று, ஆழம் எவ்வளவு, மணல்திட்டு எந்தப் பக்கம் என்று கேட்கும். பக்கம் சொல்லும் பதிலைக் கொண்டே உள்ளே நுழையும். பக்கம் இல்லாத துறை, கண்ணெதிரே விளக்கு எரிந்தாலும், பொறிக்கு இல்லாத துறைதான்.

காலாவதியான பக்கத்தைத் தேடி வருகிற படகுகளை எங்கே திருப்பிவிடுவது, எந்த வகையில் திருப்பிவிடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மண்டலப் பதிவக அலுவலர் மரகதவல்லியிடம் இருந்தது. மறுநாள் காலையே அலைமேட்டிலிருந்து இருவர் அவளைத் தேடி வந்தனர். ஒருவர் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவராயன். மற்றவள் மீன் ஏலம் விடும் செங்கமலம். காத்தாயிக்குப் பிறகு கோலை எடுப்பதற்கு ஊர் தேர்ந்தெடுத்தவள்.

"நாங்க என்னம்மா தப்புப் பண்ணுனோம்? எழவு வுழுந்த ஊர்ல யாராச்சும் தொழில் பண்ணுவாங்களா?" என்றார் தாண்டவராயன்.

"தப்புன்னு நான் சொல்லலைங்க ஐயா. பொறிக்கு எழவு தெரியாது. பதிமூணு நாள் சத்தம் இல்லன்னா, ஆள் இல்லன்னு எடுத்துக்கும்."

"இன்னிக்கே அளந்து போட்டுடுறேன். கோல் இருக்கு, நான் இருக்கேன், கடல் எங்கயும் ஓடிப்போயிடல" என்றாள் செங்கமலம்.

"புது ஆள் அளக்கிறத ஒடனே நம்ப மாட்டாங்கம்மா. நாங்க முகத்துவாரத்துல ஒரு மிதவை போடுவோம். நீங்க தெனமும் அளந்து அனுப்பணும். வெள்ளிக்கிழமை அளவ மட்டும் மிதவையும் தனியா எடுத்துப் பூட்டி வச்சிக்கும். இருபத்தாறாவது வெள்ளி அன்னிக்குத்தான் பூட்டைத் தொறப்போம். ஒரு வெள்ளியாச்சும் நாலு விரக்கடைக்கு மேல வித்தியாசம் வந்தா, அந்தப் பக்கம் திரும்ப வராது."

"ஆறு மாசமா! அதுவரைக்கும் எங்க நூத்திப் பதினெட்டுப் படகும் எங்க போவும்?" என்றார் தாண்டவராயன்.

"ஒம்போது மைல் வடக்க, புதுத்துறைக்குத் திருப்பி விடணும். அதுல ரெண்டு வகை இருக்கு. நிரந்தரம், தற்காலிகம்." மரகதவல்லி தன் நாற்காலியை அவர்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நிரந்தரம்னா, 'அலைமேடு எடம் மாறிடுச்சு, இனிமே புதுத்துறைதான்'னு எல்லாப் பொறிக்கும் சொல்றது. ஒரு தடவ சொன்னா போதும். அதுக்கப்புறம் எந்தப் படகும் அலைமேட்டப் பேர் சொல்லிக் கேக்காது. காத்தாயி அம்மா பத்தொம்போது வருஷம் சேத்துவச்ச நம்பிக்கை மொத்தமும் புதுத்துறை பேருக்குப் போயிடும்."

"புதுத்துறைக்காரனுக்கா?" என்றார் தாண்டவராயன், நாற்காலியின் விளிம்புக்கு வந்து.

"தற்காலிகம்னா, 'அலைமேடு இருக்கு, இப்போதைக்கு மட்டும் அங்க போங்க'ன்னு சொல்றது. ஒவ்வொரு படகும் ஒவ்வொரு நாளும் மொதல்ல ஒங்க பேரச் சொல்லித்தான் கேக்கும். அப்புறந்தான் அங்க போவும். நம்பிக்கை ஒங்க பேர்லயே நிக்கும்."

"அப்ப அதையே போட்டுட்டுப் போங்களேன். இதுக்கு எதுக்கு யோசன?" என்றாள் செங்கமலம்.

"நான் மட்டும் போட்டாப் போதாது. எடம் குடுக்குற துறை வாராவாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். 'இங்க வர்ற இந்தப் படகு என்னுது இல்ல, அலைமேட்டைத் தேடி வந்தது'ன்னு. ஒரு வாரம் போடாம விட்டா, மறுநாளே அது நிரந்தரமா மாறிடும்."

தாண்டவராயன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை. "கையெழுத்துப் போடுறது யாரு? உத்திராபதி. பதினோரு வருஷமா அவங்களுக்கும் எங்களுக்கும் வலைச் சண்டை. பொண்ணு குடுக்குறதில்ல, எடுக்குறதில்ல. பஞ்சாயத்தாரு யாரும் அந்த மண்ண மிதிக்கிறதில்ல. நீங்க நிரந்தரத்தையே எழுதிடுங்கம்மா. நாங்க வேற பொழப்பப் பாக்குறோம்."

"நாட்டாரே, நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் செங்கமலம். "கேக்காமலே இல்லன்னு சொல்லிட்டா எப்புடி? கேப்போம். இல்லம்பான். அப்பத் திட்டுவோம். எல்லாத்தையும் இப்பவே திட்டிட்டா அப்பத் திட்டுறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

தலைமையகத்தின் பொறி அன்று மாலையே தன் பரிந்துரையை அனுப்பியிருந்தது: நிரந்தரம். காரணமும் சரியாகவே இருந்தது. தற்காலிகத் திருப்பத்தில் ஒவ்வொரு படகும் இரண்டு முறை கேட்கவேண்டும். செயற்கைக்கோளின் நேரம் வீணாகும். அலுவலர் வாரந்தோறும் காரணம் எழுதவேண்டும். மரகதவல்லி அந்தப் பரிந்துரையை இரண்டு முறை வாசித்தாள். பிறகு புதுத்துறைக்குப் பேருந்து ஏறினாள்.

புதுத்துறையின் பக்கத்தில் கையொப்பமிடும் உரிமை பெற்ற உத்திராபதி, நல்ல உயரமும் குறைந்த பேச்சும் உடையவர். துறைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அறுந்த கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். மரகதவல்லி அவரிடம் எதையும் மறைக்கவில்லை. அலைமேட்டுப் படகு பத்திரமாகக் கரை சேர்ந்தால் அந்தப் பெருமை அலைமேட்டுக்கு. எங்காவது உரசினால் அந்தக் குறை புதுத்துறைக்கு. குறைகள் கூடினால் துறையின் தரம் இறங்கும். வருகிற ஆடியில் அவர்களுக்கு வரவேண்டிய மணல்வாரிக் கப்பல் வேறு துறைக்குப் போய்விடலாம். இதற்கு மாறாக, ஒன்றுமே செய்யாமல் இருந்தால், பத்தொன்பது ஆண்டு நம்பிக்கை முழுவதும் அவர் துறைக்கு வந்து சேரும். எந்தச் சட்டமும் அவரைக் குறைகூறாது.

உத்திராபதி கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டுத் தலைநிமிர்ந்தார். "அலைமேடு எங்கயாச்சும் போயிடுச்சாங்க?"

"இல்லையே."

"அங்கதான இருக்கு?"

"அங்கதான் இருக்கு."

"அப்ப எடம் மாறிடுச்சுன்னு எப்புடி எழுதுறது?" அவர் குரலில் கோபமோ பெருமையோ இல்லை. கணக்கு வாத்தியாரிடம் ஐயம் கேட்பதைப் போலக் கேட்டார். "தெனம் காலையில நான் ஆழம் எழுதுறேன். ஆறடி இருந்தா ஒரு பாகம், நாலரை அடி இருந்தா முக்காப் பாகம். அத நம்பித்தான் படகு உள்ள வருது. அதுல மட்டும் நெசத்த எழுதிட்டு, இதுல பொய் எழுதலாமா? கொண்டாங்க, எங்க போடணும்?"

"அவங்க ஒங்களுக்கு வேண்டாதவங்கன்னு சொன்னாங்களே?"

"வேண்டாதவன்தான். அவன் வலைய நான் அறுத்திருக்கேன், என் வலைய அவன் அறுத்திருக்கான். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவ்வாறு முதல் வெள்ளிக்கிழமைக் கையொப்பம் விழுந்தது.

அன்றுமுதல் செங்கமலம் விடியற்காலையில் அலைமேட்டு முகத்துவாரத்தில் கழுத்தளவு நீரில் இறங்கி, கோலைக் கைக்கெட்டிய ஆழத்தில் நீட்டி நட்டு அளப்பாள். அளவை அனுப்பியதும், ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு, பங்கு ஆட்டோ பிடித்துப் புதுத்துறைக்கு ஓடுவாள். அவளூர்ப் படகுகள் அங்கே இறக்கும் மீனை அங்கேயே ஏலம் விடுவாள். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும், மீன்கூடையைப் பார்ப்பதற்கு முன் உத்திராபதியைப் பார்ப்பாள்.

"என்னண்ணே, எங்க ஊரு மீனு ஒங்க ஊர்ல எறங்குதே, மணக்குதா?"

"மீனு மணக்குது. ஒன் வாய்தான் நாறுது."

"நாறட்டும். கையெழுத்து வுழுந்துச்சா?"

"நீ ஏலம் வுட வர்றியா, என்னைய வேவு பாக்க வர்றியா?"

"ரெண்டுக்கும் ஒரே ஆட்டோச் செலவுதான?"

உத்திராபதி அந்த நேரத்தில் மட்டும் சிறிது சிரிப்பார். கையொப்பமோ அவள் வருவதற்கு முன்பே விழுந்திருக்கும்.

ஆனால் அவருடைய சொந்த ஊர் சிரிக்கவில்லை. அலைமேட்டுப் படகுகள் அகலம் கூடியவை. புதுத்துறையின் குறுகிய வாய்க்குப் பழகாதவை. வைகாசிக்குள் மூன்று படகுகள் தடுப்புக்கல்லில் உரசின. ஆனியில் மேலும் நான்கு. உயிர்ச்சேதம் இல்லை, எனினும் ஏழு குறைகளும் புதுத்துறையின் பெயரில் ஏறின. தரம் முதலிலிருந்து இரண்டாவதாக இறங்கியது. ஆடிமாதம் மணல்வாரிக் கப்பல் தெற்கே வேறொரு துறைக்குப் போய்விட்டது.

அன்று தேநீர்க்கடையில் உத்திராபதியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. அவருடைய சம்பந்தி வேலாயுதம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஒரு வெள்ளி, ஒரே ஒரு வெள்ளி காய்ச்சல்னு படுத்திருந்தா, அத்தனையும் நமக்கு வந்திருக்கும்ல? எவனுக்காக இந்த வெட்டி வேல?"

உத்திராபதி தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கதை சொல்றேன், கேளுங்க. ஒரு சங்குப்பூச்சி வெளியூரு கெளம்புச்சாம். பக்கத்துல இருந்த நண்டுகிட்ட, 'நான் வர்ற வரைக்கும் என் ஓட்டுக்குள்ள இருந்து பாத்துக்க'ன்னுச்சாம். நண்டும் உள்ள புகுந்துகிச்சு. போற வர்ற மீனெல்லாம், 'சங்கண்ணே, சங்கண்ணே'ன்னு கூப்புடுது. நண்டு ஒவ்வொரு தடவையும் தலைய நீட்டி, 'சங்கு ஊருல இல்ல, நான் நண்டு'ங்குது. நாளாக ஆக அலுத்துப்போச்சு. சங்குன்னா எல்லாரும் மரியாதையாக் கூப்புடுறானுவ, நண்டுன்னா எவனும் மதிக்கல. ஒரு நாள் மேலேருந்து ஒருத்தன் முங்கி வந்தான். 'உள்ள யாரு, சங்கா?'ன்னான். 'ஆமா, நான்தான் சங்கு!'ன்னுச்சு நண்டு."

"அப்புறம்?"

"வந்தவன் வளையல் அறுக்குறதுக்குச் சங்கு பொறுக்க வந்தவன்."

கடையில் எழுந்த சிரிப்பில் வேலாயுதத்தின் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதி கரையவில்லை. அவர் மூன்று மாதம் சம்பந்தி வீட்டுப் படியேறவில்லை.

ஆவணியில் தலைமையகத்திலிருந்து மரகதவல்லிக்கு ஒரு கடிதம் வந்தது. இருபது வாரமாக இருபது காரணங்கள் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் காரணங்களும் ஒன்றே என்று அதில் இருந்தது. அது உண்மை. "அலைமேடு இன்னும் அங்கேயே இருக்கிறது" என்பதைத்தான் அவள் ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு சொற்களில் எழுதிவந்தாள். தனக்கு வரக்கூடிய கெடுதலை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் புதுத்துறையின் தரம் மூன்றாவது நிலைக்கு இறங்க இன்னும் இரண்டே குறைகள் இருந்தன. அப்படி இறங்கினால் அந்தத் துறையின் பக்கமே மறுபரிசீலனைக்குப் போகும். குற்றம் செய்யாதவர் தண்டனை அடைவதைக் காண அவளுக்கு மனமில்லை. மீண்டும் பேருந்து ஏறினாள்.

"போதுங்க ஐயா. நானே நிரந்தரம்னு எழுதிடுறேன். ஒங்க மேல பழி வராது. முடிவு என்னுது" என்றாள்.

"அந்தப் பொம்பள இன்னும் அளக்குதா?" என்று கேட்டார் உத்திராபதி.

"தெனமும் அளக்குறாங்க."

"மழைன்னு ஒரு நாளாச்சும் வுட்டுச்சா?"

"இல்ல."

"அது கழுத்தளவு தண்ணியில நிக்குது. நான் காஞ்ச தரையில உக்காந்து ஒரு கையெழுத்துப் போடுறேன். யாருக்கு முந்தி அலுக்கணும், சொல்லுங்க? இனிமே அலைமேட்டுப் படகு வர்றப்ப நானே வாய்க்கல்லு மேல நின்னுக்குறேன். ஒரசாமப் பாத்துக்கலாம்."

அதன்பின் ஒவ்வொரு காலையும் நூற்றுப் பதினெட்டுப் படகுகளும் உள்ளே வரும்வரை அவர் தடுப்புக்கல்லின் முனையில் நின்றார். ஒவ்வொரு படகின் பொறிக்கும் வாயின் நிலையைத் தம் கைக்கருவியில் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு குறைகளும் நேரவில்லை. மரகதவல்லி அலுவலகம் திரும்பி இருபத்தோராவது காரணத்தை எழுதினாள். அது முந்தைய இருபதிலும் சற்று நீளமாக அமைந்தது.

புரட்டாசி பிறந்த சில நாள்களில் இருபத்தாறாவது வெள்ளிக்கிழமை வந்தது. அலைமேட்டுக் கரையில் ஊரே கூடியிருந்தது. மாலைகள் வந்திருந்தன, மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். பூட்டைத் திறக்க மரகதவல்லியும் வந்திருந்தாள். செங்கமலம் கோலுடன் நீரில் இறங்கினாள். ஒரு முறை அளந்தாள். நான்கு அடி தள்ளி மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள். கரையேறி வந்து கோலை மணலில் ஊன்றினாள்.

"முக்காப் பாகந்தான் இருக்கு" என்றாள் மெதுவாக.

படகு உள்ளே வர ஒரு பாகம் வேண்டும். ஆறு மாதம் காத்திருந்து பெறப்போகிற பக்கம், பிறந்தவுடன் தன் படகுகளையே "வராதே" என்று சொல்லவேண்டும்.

தாண்டவராயன் அவளை ஓரமாக அழைத்துச் சென்றார். "ஒரு பாகம்னு எழுதும்மா. பொய்யின்னு நெனைக்காத. மிதவை தென்பக்கம் நிக்குது. அந்தப் பக்கம் மணல் ஏறாது. அது ஒரு பாகம்தான் காட்டும். நீ முக்காலுன்னு எழுதுனா, அதுக்கும் இதுக்கும் ஒத்துப்போவாது. பக்கம் போயிடும். ஆறு மாசப் பாடும் போயிடும்."

"எழுதிட்டா படகு உள்ள வருமே, நாட்டாரே."

"நாம தூரத்துலயே நிறுத்தச் சொல்லிக்கலாம்."

"நிக்குமா? பொறி என் எழுத்த நம்பி வரும். நம்பி வந்து மணல்ல ஏறிக் கவுந்துச்சுன்னா?" செங்கமலம் ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க ஒரு மனுசன் ஆறு மாசமா நமக்காகப் பொய் எழுத மாட்டேன்னு ஒக்காந்திருக்கான். அவன் ஊரு அவனக் காறித் துப்புது. நான் மொத நாளே பொய்யில ஆரம்பிக்கவா?"

செங்கமலம் மரகதவல்லியின் கருவியை வாங்கி, 'முக்கால் பாகம்' என்று பதிந்து கையொப்பமிட்டாள்.

பூட்டுத் திறந்தது. இருபத்தைந்து வெள்ளிகளின் அளவுகள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. இருபத்தாறாவது வந்தபோது மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தாள். மிதவையின் அளவும் முக்கால் பாகமே. ஒரு விரற்கடை மட்டும் கூடுதல். முந்தின நாள் தெற்கிலிருந்து ஓயாமல் வீசிய சோழகக் காற்று தென்பக்கத்தையும் மணலால் நிரப்பியிருந்தது. ஒரு பாகம் என்று எழுதியிருந்தால் அலைமேட்டின் பக்கம் அந்தக் கணத்திலேயே இல்லாமல் போயிருக்கும்.

பக்கம் உயிர்பெற்றது. கடலில் இருந்த நூற்றுப் பதினெட்டுப் படகுகளும், ஆறு மாதமாகக் கேட்டுவந்த அதே கேள்வியை அன்றும் கேட்டன: அலைமேடே, வரலாமா? இம்முறை பதில் சொல்ல அலைமேடு இருந்தது. ஆழம் போதாததால் படகுகளை எங்கே திருப்புவது என்று திரை கேட்டது. புதுத்துறை என்றாள் செங்கமலம். எந்த வகை என்று கேட்டது.

"தற்காலிகம்."

"எதுவரைக்கும்?" என்றாள் மரகதவல்லி.

"நாளக்கிக் காலையில தண்ணி ஏத்தம் வர்ற வரைக்கும்."

கரையில் மேளம் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேளக்காரர்கள் நின்றனர். ஊர் தன் தலைவரின் முகத்தைப் பார்த்தது. தாண்டவராயன் தட்டிலிருந்த பெரிய மாலையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார்.

"நாலு ஆட்டோ கூப்புடுங்க. நம்ம படகு எங்க எறங்குதோ அங்க போயிப் பாப்போம்" என்றார். "மேளத்தையும் ஏத்துங்க."

புதுத்துறையில் உத்திராபதி தடுப்புக்கல்லின் முனையில் வழக்கம்போல நின்றிருந்தார். கையில் இருந்த கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக் கையொப்பம் கேட்கும் கட்டம் அதில் வரவே இல்லை. ஆட்டோவிலிருந்து முதலில் குதித்தவள் செங்கமலம்.

"தேடாதண்ணே. இனிமே வராது. எங்க பக்கம் எங்களுக்குத் திரும்பிடுச்சு."

"அப்புறம் ஏன் படகெல்லாம் இங்க வருது?"

"இன்னிக்கு ஆழம் பத்தல. நாங்களேதான் அனுப்புறோம். இன்னிக்கு எது ஒரசினாலும் அது எங்க பேருல. நீ கல்ல வுட்டு எறங்கு."

உத்திராபதி இறங்கவில்லை. கடைசிப் படகு வாய்க்குள் நுழையும்வரை அங்கேயே நின்றார். பிறகு இறங்கி வந்தபோது, பதினோரு ஆண்டுகளாக அந்த மண்ணை மிதிக்காத தாண்டவராயன் எதிரே நின்றிருந்தார்.

"படகுக்குப் போடவா மால கொண்டாந்தீங்க? மொதப் படகு அந்தா நிக்குது, நாட்டாரே" என்றார் உத்திராபதி.

"படகு நாளக்கி எங்க கரைக்கு வரும். அங்க போட்டுக்குறோம்." தாண்டவராயன் கால்விரல்களை ஊன்றி எம்பிப் பார்த்தார், முடியவில்லை. "செத்தக் குனிய்யா, உத்திராபதி. எனக்கு எட்டல."